தொப்புளுக்குப் பழி நர்ஸ் மேலயா?

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. எட்டு மாசக் கைக்குழந்தையோட சட்டையைத் தூக்கி, "பிரசவம் பார்த்த நர்ஸ் சரியா வெட்டல, தொப்புள் துருத்திக்கிட்டு நிக்குது"ன்னு புலம்பல். கீழ அந்த நர்ஸ் பேரு வேற.

கத்தரி போடுறது கொடியில, தோல்ல இல்ல. வயித்துத் தோல்ல இருந்து 2, 3 சென்டிமீட்டர் தள்ளி கிளிப் போட்டு, அதுக்கு அந்தப் பக்கம் வெட்டுவாங்க. மிச்சத் துண்டு ஒண்ணு ரெண்டு வாரத்துல காஞ்சு தானா விழும். கொடி மேல தோல் எவ்வளவு ஏறியிருக்குங்கிறது கர்ப்பத்துலயே முடிவான சங்கதி. கத்தரிக்கு அதுல வேலையே இல்ல.

குழந்தையை வாங்க அப்பா குனியுறப்ப அவரு பனியன் ஒரு நொடி மேல ஏறுதே, கவனிச்சீங்களா? அதே தொப்புள், அச்சு அசல். அவருக்கும் இந்த நர்ஸ்தான் வெட்டுனாங்களோ?

"அப்ப எல்லாமே பரம்பரைதானா?"ம்பீங்க. இல்லைங்க. அழுறப்ப புடைச்சு, விரலால அழுத்துனா களுக்னு உள்ள போனா அது குடலிறக்கம். தொப்புள் வளையம், அதாவது கொடி உள்ள போன வயித்து ஓட்டை, இன்னும் மூடலைன்னு அர்த்தம். பெரும்பாலும் 4, 5 வயசுக்குள்ள தானா மூடிரும். வளையம் 1.5 சென்டிமீட்டருக்கு மேல இருந்தா மூடுறது கஷ்டம். புடைப்பு கல்லு மாதிரி இறுகி, உள்ள போகாம, குழந்தை வாந்தி எடுத்தா அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. காசு வச்சுக் கட்டாதீங்க, அடியில வேர்த்துத் தோல் வெந்து போகும்.

எப்பவும் மெத்துன்னு வெறும் தோலா நின்னா ஒண்ணும் செய்ய வேண்டாம். ஆனா ஒரு விதிவிலக்கு உண்டு. தொப்புளைச் சுத்தி உபரித் தோல், கூடவே கண்ணுப் பாப்பா நடுவுல இல்லாம ஒதுங்கியிருக்கு, பல்லு சின்னது இல்லேன்னா முளைக்கவே இல்ல, வீட்டுல இன்னொருத்தருக்கும் இப்படின்னா, அது ஆக்சன்ஃபெல்ட்-ரீகர்ங்கிற பரம்பரைக் கோளாறா இருக்கலாம். பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு இருந்தா பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு. இருக்கிறவங்கள்ல பாதிப் பேருக்குக் கண் அழுத்த நோய் வரும். அதுக்குப் பார்க்க வேண்டியது கண் டாக்டரை. வீடியோ பார்த்து நான் நோய் சொல்லல, உடனே சண்டைக்கு வராதீங்க.

"நர்ஸுங்களுக்கு வக்காலத்தா?" ஆமா. கிளிப் நழுவுனா ரத்தம் கசியும், சுத்தமில்லேன்னா சீழ் பிடிக்கும். அதுக்குத் திட்டுங்க, நானும் சேர்ந்து திட்டுறேன். வடிவத்துக்கு எதுக்குத் திட்டு?

"பொம்பளப் புள்ள, நாளைக்குச் சேலை கட்டணுமே"ன்னு ஒரு பெரியம்மா பின்னால அழுகுது. எட்டு மாசம்! அந்தக் கவலை இருந்தா புள்ளை வயித்தை ஊருக்கே ஏன் காட்டுறீங்க? வீடியோவை நீக்கலைன்னாலும் பரவால்ல, அந்த நர்ஸ் பேரையாச்சும் நீக்குங்க.