படிப்பவர் ஒருவர், சொல்பவர் இன்னொருவர்

சிலுவையில் இயேசு சொன்ன "ஏலீ, ஏலீ, லாமா சபக்தானி" 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. எபிரேய மூலத்தில் கடைசிச் சொல் "அசப்தானி". "சபக்தானி" அரமேயம், அந்நாளில் யூதர்கள் பேசிய மொழி. தமிழ் பைபிளில் சிறுவயதிலிருந்து படித்த வரி. அது பேச்சுமொழிக்கு மாறிய சங்கீதம் என்று தெரிந்த நாளில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பாபிலோன் சிறையிருப்புக்குப் பிறகு யூதர்களில் பலருடைய வாயில் அரமேயம்தான். வேதம் எபிரேயத்தில். அதனால் ஜெப ஆலயத்தில் ஒருவர் சுருளைப் பார்த்துப் படிப்பார், பக்கத்தில் நிற்பவர் அதை அரமேயத்தில் சொல்வார். அந்தப் பெயர்ப்புகள்தான் தர்கும். தோராவென்றால், அதாவது மோசேயின் ஐந்து நூல்களென்றால், ஒரு வசனம் முடிந்ததும் சொல்ல வேண்டும். தீர்க்கதரிசிகளின் நூல்கள் என்றால் மூன்று வசனம் வரை போகலாம். சொல்பவர் ஏட்டைப் பார்க்கக் கூடாது, படிப்பவரைவிடக் குரலை உயர்த்தவும் கூடாது. எது வேதம், எது விளக்கம் என்று கேட்பவருக்குக் குழப்பமே வராது!

தர்கும்களை "மூலத்துக்கு உண்மையில்லாதவை" என்று ஒதுக்குபவர்களோடு எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. யாத்திராகமம் 24:10இல் மூப்பர்கள் "இஸ்ரவேலின் தேவனைத் தரிசித்தார்கள்". தோராவின் அரமேயப் பெயர்ப்பான ஒன்கெலோஸ் தர்குமிலோ அவர்கள் பார்த்தது தேவனுடைய மகிமையை. வெள்ளாட்டுக்குட்டியைத் தாயின் பாலில் சமைக்காதே என்ற கட்டளை, அந்தத் தர்குமில் இறைச்சியைப் பாலோடு உண்ணாதே என்று வருகிறது. அந்தச் சமூகம் அந்த வசனத்தைப் புரிந்துகொண்டு வாழ்ந்த விதம் அது. இதை எப்படிப் பிழை என்பது? வசனத்தை அப்படியே சொல்பவன் பொய்யன், கூடச் சேர்ப்பவன் தேவதூஷணம் செய்பவன் என்று ரபி யூதா என்ற யூத அறிஞர் சொன்னதாக, யூதச் சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூதில் இருக்கிறது. அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது மிகக் குறுகிய வழி. மொழிபெயர்ப்பில் கை வைத்த யாருக்கும் அது தெரியும்.

தர்கும் எழுத்திலும் பழையதுதான். சாக்கடல் ஓரம் கும்ரானின் 11ஆம் குகையில் 1956இல் கிடைத்தவற்றில் யோபுவின் அரமேயப் பெயர்ப்பும் ஒன்று.

அப்புறம் அரபு பேச்சுமொழியானது, பெரும்பாலான ஜெப ஆலயங்களில் தர்கும் சொல்வது நின்றுபோனது. ஏமன் யூதர்கள் மட்டும் விடவில்லை. இன்றும் அவர்கள் ஜெப ஆலயங்களில் ஒரு வசனம் எபிரேயத்தில் முடிந்ததும், ஒரு சிறுவன் அதை அரமேயத்தில் சொல்கிறான்.