பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையன் கையில் கொடியைக் கொடுங்கள்

வியாசர்பாடியோ பெரியமேடோ, சாயங்காலம் எந்த ஃபுட்பால் கிரவுண்டுக்குப் போனாலும் அப்படி ஒரு பையன் இருப்பான். பதினாறு வயசு, டீமில் இடமில்லை, பெஞ்சிலிருந்து ஆட்டத்தைச் சரியாகக் கணிக்கிறான். "போதும், படிப்பைப் பாரு" என்று வீட்டுக்கு இழுத்து வருவதற்கு முன்னால் அவனை ரெஃப்ரி பயிற்சியில் சேர்த்து விடுங்கள் என்பது என் கட்சி. பெண்பிள்ளைக்கும் இதேதான். திண்டுக்கல் ரூபா தேவி இந்தியாவுக்கு ஆடிவிட்டு, பிறகு ஃபிஃபா ரெஃப்ரி ஆனவர். ஃபிஃபா பட்டியலில் இடம்பெற ரெஃப்ரிக்குக் குறைந்தது 25 வயசு, உதவி ரெஃப்ரிக்கு 23. பதினாறில் தொடங்கினால் பழக நிறைய வருஷம் இருக்கிறது.

ஆனால் எடுத்ததும் விசிலைக் கொடுக்காதீர்கள். ஒரு சீசன் கொடியோடு உதவி ரெஃப்ரியாக லைனில் நிற்கட்டும்.

புதுசாக லைனில் நிற்பவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். பந்தை உதைப்பவனைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்புவார்கள். திருப்ப 0.2 வினாடி ஆகிறது என்று வையுங்கள். வினாடிக்கு 7 மீட்டர் ஓடும் ஃபார்வர்டு அதற்குள் 1.4 மீட்டர் தாண்டிவிடுவான். டிஃபெண்டர் எதிர்த்திசையில் ஏறி வந்தால் இடைவெளி இன்னும் கூடும். உதைத்த நொடியில் ஆன்சைடில் இருந்தவன் ஆஃப்சைடாக, அதாவது கடைசிக்கு முந்தைய டிஃபெண்டரைத் தாண்டி நின்றவனாகத் தெரிவான், கொடி ஏறிவிடும். இதற்கு ஒரே மருந்து, கண்ணை அந்த டிஃபெண்டர் (கோல்கீப்பரையும் சேர்த்து எண்ணினால் கடைசிக்கு முந்தையவன்) மேலேயே வைத்து, உதைக்கும் சத்தத்தைக் காதால் பிடிப்பது. அவனோடு நேர்கோட்டில் இருக்க, மைதானத்தைப் பார்த்தபடி பக்கவாட்டில் நகரப் பழக வேண்டும். கொடியையும் உடனே தூக்கக் கூடாது. ஆஃப்சைடில் நிற்கும் ஆள் ஆட்டத்தில் தலையிடுகிறானா என்று பார்த்துவிட்டுத் தூக்கலாம்.

பைக்குள் போக வேண்டியது கொஞ்சம்தான். உள்ளே உருண்டை இல்லாத விசில் இரண்டு (உருண்டை வைத்தது எச்சிலும் தூசியும் சேர்ந்தால் சிக்கிக்கொள்ளும்), வாட்ச் இரண்டு, டாஸ் போடக் காசு, கார்டுகள், சின்ன நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், நம்மூர் வியர்வையில் மை கரைந்து ஜெர்சி நம்பரே தெரியாது. மஞ்சளும் சிவப்பும் வேறு வேறு பாக்கெட்டில் இருக்கட்டும். விசில் கையில் இருக்க வேண்டும். வாயில் வைத்துக்கொண்டே ஓடினால் ஃபவுலைப் பார்த்த நொடியில் ஊதிவிடுவான், அட்வான்டேஜ் கொடுக்க, அதாவது பாதிக்கப்பட்ட அணிக்கு லாபமென்றால் ஆட்டத்தைத் தொடரவிட, நேரமிருக்காது. பந்து முகத்தில் பட்டால் பல்லும் போகும்.

மாவட்ட ஃபுட்பால் சங்கம் ரெஃப்ரி வகுப்பு அறிவிக்கும்போது வயது வரம்பைப் பார்த்துப் பெயர் கொடுங்கள். விதிகள் மொத்தம் 17தான். ஆனால் வருஷா வருஷம் திருத்தம் வரும், அதனால் அண்ணன் வைத்திருக்கும் பழைய புத்தகம் உதவாது. கோல்கீப்பர் பந்தைக் கையில் ஆறு வினாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக் (நேராக கோல் அடிக்க முடியாத உதை) என்பது 2025இல் மாறிவிட்டது. இப்போது எட்டு வினாடி, தாண்டினால் எதிரணிக்குக் கார்னர்.

மேல்நிலை உடல்தகுதித் தேர்வு எப்படி இருக்கும் என்பதற்கு ஃபிஃபாவின் ஆண் ரெஃப்ரி அளவைச் சொல்கிறேன். 75 மீட்டரை 15 வினாடியில் ஓடி, அடுத்த 25 மீட்டரை 18 வினாடியில் நடக்க வேண்டும், இப்படி 40 தடவை. மெரினா மணலில் ஒரே வேகத்தில் ஓடிப் பழகியவர்கள் மாட்டுவது அந்த நடையில்தான். அதற்குள் மூச்சு திரும்பாது. அளந்த தரையில் விட்டு விட்டு ஓடிப் பழகட்டும்.

பையன்கள் பாதியில் விட்டுப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் விதியும் இல்லை, ஓட்டமும் இல்லை. கோட்டுக்கு வெளியே நிற்கும் நாம்தான். கோச் வாய் நீண்டால் அவருக்கும் கார்டு காட்டலாம். டீம் பெஞ்சிலிருந்து யார் கத்தினார்கள் என்று தெரியாவிட்டால், அங்கே இருக்கும் மூத்த கோச்சுக்கே கார்டு போகும். வேடிக்கை பார்க்க வந்தவருக்குக் கார்டு கிடையாது, ஆனால் ஆட்டத்தை நிறுத்தி அவரை வெளியே அனுப்பச் சொல்லி அமைப்பாளரைக் கூப்பிடலாம். இதைப் பையனுக்கு முதல் மேட்சுக்கு முன்னாடியே சொல்லிக்கொடுங்கள். முதல் சில மேட்ச்களுக்குப் பெரியவர் ஒருவர் கூடப் போய், கத்துகிற ஆளின் பக்கத்தில் நின்று சொல்லட்டும்: "அண்ணே, த்ரோ-இன்னுக்கு ஆஃப்சைட் கிடையாதுண்ணே."