சிரிக்க என்ன இருந்தது?

விளையாட்டில் எதிர்காலம் பற்றிச் சொல்ல வைத்த கூட்டத்தில், ஒரு பிள்ளையின் கேள்வியை மேடையில் இருந்தவர் பகிடி பண்ணிய அந்த வீடியோவை நான் பங்கிடப் போவதில்லை. வேண்டிய அளவு பேர் ஏற்கெனவே பங்கிட்டு, சிரிப்பு ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டீர்கள். மேடையில் கதைத்தவரின் பெயரையும் எழுத மாட்டேன். அவரோடு சேர்ந்து சிரித்த மண்டபத்தோடுதான் எனக்குக் கோபம்.

அந்தப் பிள்ளை கேட்டதில் என்ன பிழை? "பொதுநலவாயப் போட்டியில லோன் போல்ஸ் எண்டு ஒண்டு இருக்கே சேர், அதை நாங்க பழக வழி இருக்கா?" என்று கேட்டாள். விளையாட்டில் என்ன எதிர்காலம் என்று சொல்லத்தானே பிள்ளைகளைக் கூப்பிட்டு இருத்தி வைத்தீர்கள்? வந்த பதில்: "அது கிழடுகள் பந்து உருட்டுற விளையாட்டு புள்ள, உனக்கு இன்னும் வயசிருக்கு." கூட்டம் குலுங்கிச் சிரித்தது. பிள்ளை பேசாமல் இருந்துவிட்டாள்.

சரி, லோன் போல்ஸ் புல் திடலில் பந்து உருட்டுற விளையாட்டுத்தான். எப்படி உருட்டுவதென்று தெரியுமா? போல் என்கிற அந்தப் பந்து ஒன்று, ஒன்றரைக் கிலோவுக்குக் கிட்ட வரும். முழு உருண்டையும் இல்லை. ஒரு பக்கத்து வளைவு கொஞ்சம் வேறு. அதனால் நேரே ஓடாது, வேகம் குறையக் குறைய ஒரு பக்கமாகக் கிறுகும். அந்தக் கிறுக்கத்தைக் கணக்குப் பண்ணி, இருபத்தைந்து முப்பது மீற்றருக்கு அப்பால் கிடக்கும் ஜக் என்ற சின்னப் பந்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். நடுவில் எதிரணியின் போல்கள் மறித்துக்கொண்டு கிடக்கும். கொம்புமுறி விளையாட்டுக் காலத்தில், தேங்காயோடு தேங்காயை மோதி உடைக்கிற போர்த்தேங்காய் அடிக்கப் போகுமுன் எங்கள் பெரியப்பா ஒரு தேங்காயைக் கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்து, கண்பக்கத்தைத் தடவி, "இது நிற்கும்" என்பார். அவரைப் பார்த்து யாரும் தேங்காய் உருட்டுகிறார் என்று சிரித்ததில்லை. வடசேரி, தென்சேரி என்று பிரிந்து நிற்கிற இரண்டு பக்கமும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றது.

2022 ஆகஸ்ட் 2. பேர்மிங்ஹாம் பொதுநலவாயப் போட்டி. லோன் போல்ஸ் லெமிங்டன் ஸ்பாவில் நடந்தது. பெண்கள் நால்வர் இறுதியில் இந்தியாவுக்காக லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைகியா, ரூபா ராணி டிர்க்கி. முன்னுக்குப் போய்க்கொண்டிருந்தவர்களைத் தென்னாபிரிக்கா எட்டிப் பிடித்தது. பதறாமல் 17-10 என்று முடித்துவிட்டு வந்தார்கள். லோன் போல்ஸில் இந்தியா எடுத்த முதல் பதக்கமே தங்கம். அப்போது யார் இவர்கள்? லவ்லி ஜார்க்கண்ட் பொலிஸில் கொன்ஸ்டபிள். பிங்கி பாடசாலையில் விளையாட்டு ஆசிரியை. ரூபா ராணி முன்பு கபடி ஆடியவர். நயன்மோனி அசாமில் பாரம் தூக்கியவர், காயம் பட்டு அதை விட்டபிறகு இதற்கு வந்தவர். வன இலாகாவில் வேலை, வீட்டில் மகள்.

நயன்மோனியின் கதையை வாசித்த இரவு எனக்கு நித்திரை இல்லை. நான் விளையாட்டுப் போட்டிகளில் இரும்புக் குண்டு போட்டவள். மாகாண மட்டம் வரை வந்தவள். மழை பெய்து பயிற்சி வட்டத்தில் தண்ணி நின்றால் உரச் சாக்கால் ஒற்றி எடுத்துவிட்டு, கழுத்தில் சோக்குத்தூள் அப்பிக்கொண்டு போடுவோம். ஒருநாள் கிறுகும்போது காலடி வழுக்கி முழங்கால் வேறு பக்கம் போனது. எனக்கு இருபத்தொரு வயது. பொறுப்பாக இருந்த ஒருவர் சொன்னார், "பரவாயில்லை, வாற வருசம் அளவு நாடா பிடிக்க வா." பகிடிக்குச் சொன்னாராம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முழங்கால் போனவளுக்கும் ஒரு விளையாட்டு இருக்கிறது, அதற்கு உலகப் போட்டி இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. அசாமில் அந்தப் பெண்ணுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"கிழடுகள்" என்றாரே, ஆமாம், கிழடுகளும் விளையாடுகின்றன. அதே 2022இல் பார்வைக் குறைபாடுள்ளவர்களின் இரட்டையர் போட்டியில் வீரருக்கு வழிகாட்டியாக நின்று தங்கம் எடுத்த ஸ்கொட்லாந்தின் ஜோர்ஜ் மில்லருக்கு 75 வயது. இங்கிலாந்தின் டேவிட் பிரையன்ட் வாயில் சுங்கானோடு நின்று 1962க்கும் 1978க்கும் இடையில் தனிநபர் தங்கம் நான்கு எடுத்தார். ஸ்கொட்லாந்தின் வில்லி வூட் வாகனம் திருத்தியவர். அவர் குறைந்தது ஏழு பொதுநலவாயப் போட்டிகளில் ஆடினார். ஏழு! நமது ஓட்டக்காரப் பிள்ளைகளில் எத்தனை பேர் கலியாணத்துக்குப் பிறகு ஒரு வலய மட்டப் போட்டிக்காவது வந்திருக்கிறார்கள்?

"அக்கா, அது வெள்ளைக்காரன்ட விளையாட்டு" என்று எழுத வருகிற தம்பிக்கு: கிரிக்கெட் என்ன காரைதீவிலா பிறந்தது? போய் 2026 கிளாஸ்கோ போட்டிப் பட்டியலைப் பாருங்கள். பத்து விளையாட்டுகள்தான். கிரிக்கெட் இல்லை, ஹொக்கி இல்லை, பூப்பந்து இல்லை. போல்ஸ் இருக்கிறது.

"புல் திடலுக்குக் காசு?" செலவுதான், இல்லை என்று சொல்லவில்லை. கிளாஸ்கோவில் உள்ளரங்கில் விரிப்புப் போட்டுத்தான் நடத்துகிறார்கள். அதை விடுங்கள், அந்தப் பிள்ளை கேட்டது திடல் இல்லை, பதில்.

"வியர்வையே வராத விளையாட்டு" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். அதற்கு நூறு லைக். வியர்வையை அளந்துதான் பதக்கம் கொடுப்பதென்றால், அம்பாறை வயலில் குனிந்த முதுகு நிமிராமல் களை பிடுங்குகிற பெண்கள் வீட்டில் அலுமாரி நிறையப் பதக்கம் இருக்க வேண்டுமே அண்ணா? அவர்களுக்கு நீங்கள் ஒரு சான்றிதழ் கொடுத்து நான் பார்க்கவில்லை. உங்களுக்கு வியர்வை பிரச்சினை இல்லை. வயது போன பொம்பிளை ஒருத்தி வெள்ளை விளையாட்டு உடுப்புப் போட்டு வெளியில் வந்து விளையாடுவதுதான் பகிடியாகத் தெரிகிறது. முப்பது தாண்டினால் பிள்ளையின் விளையாட்டுப் போட்டிக்குத் தண்ணிப் போத்தல் தூக்கிக்கொண்டு போகலாம், அவ்வளவுதான் நமக்கு விட்டிருக்கும் இடம்.

என் சொந்த அண்ணாவுக்கு நாற்பத்தைந்து. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் முதுகில் பெயர் அடித்த ஜேர்சியோடு மென்பந்துக் கிரிக்கெட்டுக்குப் போய்விடுவார். மூன்றாவது ஓவரில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர்களுக்கு 'மாஸ்டர்ஸ்' என்று பெயர், கிண்ணம், பொன்னாடை, மதியத்துக்குப் புரியாணி. மச்சாள் அந்த ஜேர்சியைத் துவைத்துக் காயப்போடுவா. யாரும் அவரைக் கிழடு என்று சொன்னதில்லை, சொல்லவும் கூடாது. அண்ணா இதை வாசிப்பார், கோபிப்பார். கோபிக்கட்டும், அந்த வீடியோவுக்கு முதல் சிரிப்பு ஸ்டிக்கர் போட்டதே அவர்தான்.