பீடி சுற்றுவோருக்குப் பத்து சதவீதம்தான்

வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) பற்றி அண்மையில் படித்த ஒரு கட்டுரை, கூலியில் தொழிலாளி 12 சதவீதம், முதலாளி 12 சதவீதம் கட்ட வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டது. பீடி சுற்றிப் பிழைக்கும் எங்கள் முக்கூடல், ஆலங்குளம் பக்கத்துப் பெண்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பீடித் தொழிலுக்கு இருபக்கமும் 10 சதவீதம்தான். முதலாளி கட்டும் அந்தப் பத்திலும் 8.33 ஓய்வூதியத்துக்குப் போய்விடும். சேமிப்பில் சேர்வது 1.67 மட்டுமே.

குறைந்தபட்சக் கூலியும் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் நிர்ணயிக்கப்படுகிறது. என் அம்மா முறத்தை மடியில் வைத்து, அளவுத் தகட்டை வைத்து இலை வெட்டி, தூள் நிரப்பிச் சுருட்டி, நூல் கட்டி முடிப்பதற்குள் விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிடும். மறுநாள் பீடியை ஒப்படைக்கும் கடையில் சரியில்லை என்று கழித்துவிட்ட பீடிக்குக் கூலி கிடையாது. கூலியே இல்லையென்றால் அதற்கு ஏது நிதி?

என் சித்தி சுற்றியதைப் பல ஆண்டுகள் வேறொருத்தி பெயரில் எழுதிவிட்டார்கள். மாத ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுச் சேவை வேண்டும். சித்தியின் கணக்கில் ஏழுதான் இருந்தது. 2014 முதல் நடப்பில் உள்ள குறைந்தபட்ச ஓய்வூதியமான 1,000 ரூபாய்கூட அவருக்குக் கிடைக்கவில்லை.

உங்கள் வீட்டில் பீடி சுற்றுகிறவர்கள் இருந்தால், மாதாமாதம் அவர்கள் பெயரில் பணம் ஏறுகிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.