சுருங்கினாலும் ஒரிஜினல் போகாது

ஒருத்தர், இணையதளம் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸ் பெரிய படத்தை ஏற்றினதுமே சுருக்கிவிடும், ஒரிஜினல் அழிந்துவிடும், அதனால் சர்வரில் இடம் மிச்சம் என்கிறார். பாதிதான் சரி. 2019 நவம்பரில் வந்த 5.3 பதிப்பிலிருந்து, அகலமோ உயரமோ 2560 பிக்சலைத் தாண்டினால் அந்த அளவுக்குள் ஒரு பிரதி எடுத்து, பெயர்க் கடைசியில் ‘ஸ்கேல்டு’ என்று ஒட்டிப் பக்கத்தில் காட்டும். ஆனால் நீங்கள் ஏற்றின கோப்பு அப்லோட்ஸ் ஃபோல்டரில் அப்படியேதான் கிடக்கும். தம்ப்நெயில், மீடியம் என்று குட்டிப் பிரதிகள் வேறு சேரும், ஆக இடம் கூடத்தான் செய்யும்.

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் சொந்தக்காரர் வீட்டைத் தங்கும் விடுதியாக்கினபோது தளம் போட்டுக் கொடுத்தது நான்தான். முகப்பு, வளவு (உள்முற்றம்), ஆத்தங்குடிக் கல் பதித்த தரை என்று எல்லாப் படமும் 6000க்கு 4000 பிக்சல். பக்கத்தில் 2560க்கு 1707தான் தெரிந்தது, ஆனால் தளத்துக்காக சர்வரில் வாங்கின ஹோஸ்டிங் இடம் மளமளவென்று நிரம்பிப்போச்சு (ஆச்சி வீட்டு இரண்டாங்கட்டு மாதிரி, எதையும் தூக்கிப்போட மனசு வராது போல!). அப்புறம் எல்லாவற்றையும் கணினியிலேயே சுருக்கி மறுபடி ஏற்றினேன்.

2560 என்ற வரம்பை ஃபில்டர் (வேர்ட்பிரஸ் நடந்துகொள்வதை மாற்றுகிற சின்ன நிரல் துண்டு) போட்டு மாற்றலாம், அணைக்கவும் செய்யலாம். ஆனால் மாற்றினால் புதிதாக ஏற்றுகிற படங்களுக்கு மட்டும்தான், பழையது தானாக மாறாது.