பிறகு சொல்லுறன்

பெரியம்மாவின் மகளுக்குப் பிறவியிலிருந்தே காது கேளாது. யாழ்ப்பாணம் கைதடியில் காது கேளாத பிள்ளைகள் படிக்கும் நவீல்ட் பாடசாலையில் படித்தவர், இப்போது வீட்டில் இருந்து தைக்கிறார். போன மாதம் அந்த அக்காவோடு ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அங்கே இலக்கத்தைக் கூப்பிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். அக்கா தனியே போயிருந்தால் பின்னேரம் வரைக்கும் அந்த வாங்கிலேயே இருந்திருப்பார்.

உள்ளே போனதும் டொக்டர் என்னைப் பார்த்து, "அவாவுக்கு என்ன செய்யுது?" என்று கேட்டார். அக்காவுக்கு இருந்தது பெண்களுக்கு வரும் ஒரு வருத்தம். நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் அதைத் தம்பிக்காரனுக்குச் சைகையில் காட்ட, அவன் அதை டொக்டருக்குச் சொல்ல வேண்டும். வெட்கத்தில் அரைவாசியை அவர் காட்டவே இல்லை. காட்டிய மிச்சமும் எனக்குச் சரியாக விளங்கவில்லை. எனக்குத் தெரிந்தது சாப்பாடு, தண்ணி, காசு, வா, போ என்கிற வீட்டுச் சைகை மட்டும்தான். டொக்டர் ஐந்து நிமிடம் விளக்கினார். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "குளிசை, இரண்டு நேரம், சாப்பிட்ட பிறகு" என்று மட்டும் காட்டிவிட்டு, மற்றதைப் பிறகு சொல்லுறன் என்றேன்.

இந்த "பிறகு சொல்லுறன்" எங்கள் வீட்டில் நாற்பது வருடமாக இருக்கிறது. கலியாண வீட்டில் எல்லோரும் சிரிப்போம், அக்கா என்னவென்று கேட்பார், பிறகு சொல்லுறன். செத்த வீட்டில் என்ன நடந்தது என்று கேட்பார், அதற்கும் பிறகு சொல்லுறன். அந்தப் பிறகு வந்ததே இல்லை. ஊரில் இன்னமும் சிலர் அவரை 'ஊமை' என்கிறார்கள். தோழிகளோடு வாட்ஸப் வீடியோவில் ஒரு மணித்தியாலம் கை ஓயாமல் பேசுகிறவர் அவர். அவருக்குப் பேச்சு இருக்கிறது, அது எங்களுக்குத்தான் தெரியாது.

"எழுதிக் காட்டலாமே" என்று கேட்பவர்கள் பலர். சைகைமொழிக்கு இலக்கணம் வேறு. அதில் வளர்ந்தவருக்கு எழுத்துத் தமிழ் இன்னொரு மொழிதான். ஐ, ஆல், கு என்ற உருபுகளைக் காதால் கேட்டுப் பழகாத ஒருவர் எழுதும்போது அவை விடுபட்டுப் போகும். அக்கா அனுப்பும் செய்திகளைப் பார்த்துச் சொந்தக்காரரே சிரித்ததைக் கண்டிருக்கிறேன். மிகவும் கோபம் வந்தது. உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்ளலாம் என்பதும் பெரிய நம்பிக்கைதான். கண்ணாடி முன் நின்று 'பாடு', 'மாடு' என்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள், உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரித்தான் அசையும்.

1880இல் இத்தாலியின் மிலான் நகரில் ஒரு சர்வதேச மாநாட்டில் கூடிய கல்வியாளர்கள், காது கேளாத பிள்ளைகளைப் பேச்சால் மட்டுமே படிப்பிக்க வேண்டும், சைகை கூடாது என்று தீர்மானித்தார்கள். அதே மாநாடு 2010இல் கனடாவின் வான்கூவரில் கூடி, அந்தத் தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவித்தது. இடையில் 130 வருடம் போய்விட்டது.

எங்களுக்கு இது விளங்காமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்த நாளிலிருந்து மொழியால் பட்டவர்கள் நாங்கள். சிங்களத்தில் வந்த கடிதத்தை வாசித்துச் சொல்ல ஆள் தேடி அலைந்திருக்கிறோம், விளங்காத தாளில் கையெழுத்து வைத்திருக்கிறோம். ஒரு கவுண்டர் முன்னால் வாயடைத்து நிற்பது எப்படி இருக்கும் என்று யாழ்ப்பாணத்தானுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அப்படியிருந்தும் எங்கள் கந்தோர்களில் எங்கள் பிள்ளைகளையே அப்படி நிற்க வைக்கிறோம். யுத்த காலத்தில் பெரியம்மா அக்காவைத் தனியே வெளியே விட்டதில்லை. ஆமி 'நில்' என்று கத்தினால் அவருக்குக் கேட்காது என்ற பயம். இப்போது தெருவுக்குத் தெரு ஆமியின் சென்ரி, காவலரண், இல்லை. ஆனால் அக்கா இன்னும் தனியே ஓர் அலுவலுக்கும் போவதில்லை.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. சைகைமொழியை அங்கீகரித்து வளர்க்க வேண்டும், உரைபெயர்ப்பாளர் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. நான் அக்காவோடு ஏறி இறங்கிய ஓரிடத்திலும் அப்படி ஒருவரைக் காணவில்லை. கொழும்பில் இருந்து ஒருவரை அனுப்பினாலும் போதாது. தொலைக்காட்சியில் சிங்களச் செய்தியின் மூலையில் வரும் சைகைகளில் பல தன்னுடையவை அல்ல என்கிறார் அக்கா. இங்கத்தைய சைகை தெரிந்தவர்களை, அதிலும் பெண்களை, சம்பளம் கொடுத்து வைக்க வேண்டும். கூப்பிடும் இலக்கத்தை ஒரு பலகையில் எழுதிப் பிடிக்கவாவது இன்றைக்கே தொடங்கலாம், அதற்குக் காசு தேவையில்லை.

அடுத்த கிளினிக்குக்கு நான் போகவில்லை. அக்காவோடு படித்த ஒருவரின் தங்கை, காது கேட்கும் பெண், சைகை நன்றாகத் தெரிந்தவர், கூடப் போகிறார். ஒரு நாள் சம்பளம் கொடுக்கிறோம். டொக்டரிடம் கேட்க வேண்டியதை அக்கா படமும் எழுத்துமாக ஒரு கொப்பியில் குறித்து வைத்திருக்கிறார். ஏழு கேள்விகள். அதில் ஒன்றைக்கூட இவ்வளவு காலமும் நான் அவருக்காகக் கேட்டதில்லை.