மேக்எம்கேவி தரத்தைக் குறைப்பதில்லை

"மேக்எம்கேவியில் புளூ-ரே வட்டை நகலெடுத்தால் படத்தின் தரம் குறைந்துவிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. மேக்எம்கேவி என்பது வட்டில் உள்ள படத்தைக் கணினிக்குக் கோப்பாக எடுக்கும் மென்பொருள்; அது காட்சியை மறுபடி சுருக்குவதே இல்லை. வட்டில் இருப்பதை அப்படியே எடுத்து எம்கேவி என்ற வகை வீடியோ கோப்புக்குள் வைக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் ஒரே படம் 30, 40 ஜிபி வரைக்கும் வருகிறது. தரம் குறைவது அப்புறம் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டுச் சுருக்கும்போதுதான். அதுவும் எவ்வளவு என்பது நீங்கள் வைக்கும் அமைப்பைப் பொறுத்தது. ஹார்ட் டிஸ்கில் இடம் இருந்தால் முதலில் எடுத்த எம்கேவி கோப்பை அழித்துவிடாதீர்கள்.

இன்னொன்று, எந்த புளூ-ரே டிரைவும் 4கே வட்டைப் படித்துவிடும் என்று நம்பி வாங்க வேண்டாம். அந்த வட்டுகளின் பாதுகாப்புப் பூட்டே வேறு. டிரைவின் ஃபர்ம்வேர் (அதற்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) ஒத்துவர வேண்டும்; மாடலோடு அதையும் பார்த்து வாங்குங்கள்.